இடது பக்கத்துக் கடையாணி

எங்கள் மாமாவைப் போலத் தலைக்கனம் பிடித்த மனுஷனை நான் பார்த்ததில்லை. மாமா என்றால் அக்கா புருஷன். வண்டிக்காரர். எந்தச் சரக்கானாலும் எந்தப் பாதையானாலும் அவர் வண்டிதான் முன்னால் போகும். அதனால் ஊரில் அவருக்கு மொதவண்டி என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். மொதவண்டி என்று கூப்பிட்டால் மட்டும் மீசைக்குள் ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள், பார்க்கிற நமக்கு எரிச்சலாக வரும்.

அப்பா அம்மா போனபின் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். கொழுந்தியாளுக்கு உள்ள உரிமையில் அவரைச் சீண்டாமல் ஒரு பொழுதும் விட்டதில்லை. காலையில் எழுந்ததும் தன் மாடுகளுக்கு ஈரத்துணியால் முகம் துடைத்துவிடுவார். "மாமா, அப்படியே அக்காவுக்கும் ஒரு துடைப்பு துடைச்சு விடுங்க, அவளும் ரொம்ப நாளா காத்திருக்கா" என்பேன். "உங்க அக்கா முட்டுவா, இதுங்க முட்டாது" என்பார். அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியால் பானையைத் தட்டுவாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

வீடு ஒரே அறை. அதை ஒட்டி மாட்டுக் கொட்டகை. நடுவில் இருந்த மண்சுவரில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு வைத்திருந்தார், படுத்த இடத்திலிருந்தே மாடுகளைப் பார்க்க. குளிர் நாளில் அந்த ஓட்டை வழியாகக் காற்று வந்து எங்கள் காதைக் குடையும். அக்கா துணியை வைத்து அடைப்பாள், அவர் எடுத்துவிடுவார். மாடுகளில் ஒன்று மயிலை, ஒன்று செவலை. இரண்டையும் தாயில்லாக் கன்றுகளாக வாங்கி வந்து, துணியைப் பாலில் நனைத்துச் சப்பக் கொடுத்து வளர்த்தவர் அவர். அக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஆனால் அவர் மயிலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்கும்போது அக்கா பார்க்கிற பார்வையை நான் கவனித்திருக்கிறேன்.

மாட்டைக் குத்தி ஓட்டுகிற தார்க்குச்சியை அவர் கையால் தொட்டதில்லை. நாக்கால் ஒரு சத்தம் கொடுப்பார், மாடுகள் பறக்கும். அந்தப் பெருமையெல்லாம் துரைக்கு உழைத்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

துரை என்றால் சாயத்தொட்டித் துரை. கடல் தாண்டி வந்தவர்கள் எங்கள் நிலத்தில் அவுரி போடச் சொன்னார்கள். சொன்னார்கள் என்று சொல்வதே தப்பு. ஆட்கள் வந்து நல்ல நிலமாகப் பார்த்து, சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சியை அடித்துவிட்டுப் போவார்கள். குச்சி நின்ற இடத்தில் அவுரியைத் தவிர வேறு எதையும் விதைக்கக் கூடாது. விதைத்தால் பயிரில் மாட்டை விட்டு மேய்ப்பார்கள், விதைத்தவனைக் கம்பத்தில் கட்டுவார்கள். அவுரியைத் தின்ன முடியுமா? துணிக்கு நீலம் ஏற்றலாம், அதுவும் எங்கள் துணிக்கு இல்லை. குச்சி வருஷத்துக்கு வருஷம் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ஊருக்கே சோளம் போட மிஞ்சியது ஆற்றோர நிலம் மட்டும்தான். அதில் எங்களுக்கும் ஒரு துண்டு இருந்தது. அதுவும் போனால் அடுப்பில் பூனை தூங்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் அறுப்பு தொடங்குகிற சமயத்தில் ஒரு சேதி வந்தது. பட்டணத்திலிருந்து பெரிய துரை வருகிறார். முதல் நாள் அறுக்கிற இலை மொத்தமும் ஒரே தொட்டியில் போடப்படும், அதில் நீலம் எப்படி இறங்குகிறது என்று அவர் தன் கண்ணால் பார்ப்பார். நன்றாக இறங்கினால் ஆற்றோர நிலத்திலும் குச்சி அடித்துவிடச் சொல்வார். இறங்காவிட்டால் இந்த மண்ணுக்கு இதற்கு மேல் செலவு வேண்டாம் என்று போய்விடுவார். தொட்டியில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் வாய் தவறிச் சொன்னது இது. ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டது.

அவுரி இலையில் ஒரு சங்கதி உண்டு. விடியலில் அறுத்து, வெயில் ஏறுவதற்குள் தொட்டித் தண்ணீரில் போட்டாக வேண்டும். கட்டாகவே வண்டியில் கிடந்தால் உள்ளுக்குள் வெந்து கறுத்துவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் நீலம் வராது. வயலிலிருந்து தொட்டிக்குப் போக வாய்க்கால் கரை ஒன்றுதான் வழி. ஒரு வண்டி போகிற அகலம். முன்வண்டி எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில்தான் பின்வண்டிகள் எல்லாம் போக முடியும். ஆக, முன்வண்டி தாமதித்தால் போதும். முன்வண்டி யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

வண்டிக்காரர்கள் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். எல்லோருக்காகவும் பேசியவர் அண்ணாவி, வண்டிக்காரர்களில் மூத்தவர், ஒரு கண் சற்று மங்கல்.

"தம்பி, ஒரே ஒரு நாள். கொஞ்சம் மெதுவா ஓட்டு. நாங்க பின்னாலயே வந்துடுறோம். ஒருத்தர் மேலயும் குத்தம் வராது."

"குத்தம் யார் மேல வரும்னு எனக்குத் தெரியாதா?" என்றார் மாமா. "போன வருஷம் மெதுவா போனவன் மாடு இப்ப எங்க இருக்கு? தொட்டியில ஏத்தம் இறைக்குது. அந்த ஆளு எங்க இருக்கான்னு யாருக்காவது தெரியுமா?"

அந்த ஆள் ஊரைவிட்டே போய்விட்டிருந்தான்.

"என்னை அடிக்கட்டும், வாங்கிக்கிறேன். மாட்டைக் குடுக்க மாட்டேன். என் மாடு மெதுவா போகவும் போகாது. வேற ஆளைப் பாருங்க."

அவர்கள் போன பிறகு அக்கா பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், குரல் தணிந்துவிடும். எனக்கு அதுதான் பயம்.

"ஊர் முழுக்கப் பட்டினி கெடந்தாலும் உங்க மாடு ரெண்டும் தொட்டித் தீனி தின்னும். அப்படித்தானே?"

"நீ என்ன சொன்னாலும் சரி."

"அடுத்த வருஷம் நான் இதே அறையில சுருண்டு கெடப்பேன். நீங்க அந்த ஓட்டை வழியா அதுங்களைப் பாத்துக்கிட்டு இருங்க."

அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தில் அவர் தட்டில் கஞ்சியைப் பாதிதான் ஊற்றினேன். அதையும் அவர் கவனிக்கவில்லை.

அறுப்பு நாள் விடிகிறபோது எல்லோரும் வயலில் இருந்தோம். வண்டிகளை முந்தின நாள் சாயங்காலமே வயலோரம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். விடியுமுன் வீட்டிலிருந்து கிளம்பும்போது அக்கா முற்றத்தில் சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் கறுப்பாக ஏதோ இருந்தது. அடுப்புக்கரி என்று நினைத்தேன். அந்தக் கையால்தான் அவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவரும் வாங்கிக் குடித்தார்.

இலையை அறுத்துக் கட்டிச் சுமந்து வந்து வண்டிகளில் ஏற்றினோம். போன வருஷத்துத் தாமதத்துக்குப் பிறகு துரை ஒரு ஏற்பாடு செய்திருந்தார்: முன்வண்டியில் மேஸ்திரியே ஏறி உட்கார்ந்து வர வேண்டும். மேஸ்திரி எங்கள் ஊர்க்காரர்தான், எங்களோடு சோளக்கஞ்சி குடித்து வளர்ந்தவர். தொட்டியில் வேலை கிடைத்த பிறகு காலில் செருப்பும் நாக்கில் விஷமும் ஏறிவிட்டன. அவர் முகப்பில் வலது பக்கமாக ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வண்டிக்காரன் ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்து, சக்கரம் கழன்று போகாமல், இருசு என்கிற அச்சின் முனையில் செருகியிருக்கிற கடையாணியைத் தட்டிப் பார்ப்பது வழக்கம். வலது சக்கரத்துக்கு ஒன்று, இடது சக்கரத்துக்கு ஒன்று. சின்ன மரச்சுத்தியால் ஆணிக்கு ஒரு தட்டு. எங்கள் மாமா அதை ஒரு நாளும் விட்டதில்லை. அந்த இரண்டு தட்டுக் கேட்டால்தான் மாடுகளே காலை எடுத்து வைக்கும்.

வலது பக்கம் தட்டினார். இடது பக்கம் வந்தார். நான் கடைசிக் கட்டை மேலே தூக்கிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம்தான் நின்றேன். அவர் குனிந்தார், நானும் பார்த்தேன். இருசு முனையில் ஆணி இருக்க வேண்டிய துளை வெறுமையாக இருந்தது. துளையின் விளிம்பில் மசகு மை வழிந்திருந்தது, அதில் விரல் பட்ட தடம்.

அக்காவின் நகக்கண் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகப்புக்குக் கீழே இருக்கிற சின்னப் பெட்டியில் மாற்று ஆணி ஒன்று எப்போதும் வைத்திருப்பார், எனக்குத் தெரியும். கை நீட்டினால் போதும். கை நீட்டவில்லை. நிமிர்ந்து, வரப்போரம் கட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அக்காவை ஒரு முறை பார்த்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு அவர் சுத்தியை ஓங்கி வெறும் இருசு முனையில் ஒரு தட்டு தட்டினார். சத்தம் கொஞ்சம் கட்டையாக வந்தது. ஆனாலும் தட்டு தட்டுதான்.

"நீ இன்னைக்குப் பின்வண்டியில வா" என்றார் என்னிடம்.

"ஏன்?" மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "கட்டைப் பிடிச்சுக்க ஆள் வேணாமா? எப்பவும் இந்தப் பொண்ணுதானே மேல உக்காரும்?"

"பாரம் அதிகம்."

"இவ என்ன ஆனையா? ஏறு புள்ள."

மாமா என்னையே பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். மறுத்தால் மேஸ்திரிக்குச் சந்தேகம் வரும். "நான் இதுலயே வரேன் மாமா" என்று சொல்லி ஏறிவிட்டேன். தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை.

வண்டி கரையில் ஏறியது. இடது பக்கம் வாய்க்கால், நிறைந்து ஓடியது. வலது பக்கம் ஆள் உயரப் பள்ளம். பின்னால் மற்ற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக. நான் கட்டுகளின்மேல் இடது ஓரமாகக் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். அங்கிருந்து சக்கரத்தின் குடமும் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இருசு முனையும் தெரிந்தன. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் இம்மி இம்மியாக வெளியே நகர்ந்தது. மேடு பள்ளத்தில் சில சமயம் உள்ளே போகும், மறுபடி வெளியே வரும்.

கரையில் எந்த இடத்தில் சக்கரம் கழன்றாலும் வண்டி வாய்க்காலில் கவிழும். மாடுகள் நுகத்தடியோடு முழுகும். நானும்தான். வழியில் தாண்டிப் போகிற மதகு ஒன்றில்தான் இரண்டு பக்கமும் இடுப்புயரக் கல்சுவர் உண்டு. அங்கே கழன்றால் வண்டி சுவரில் சாய்ந்து நிற்கும், பின்வண்டி ஒன்றும் தாண்ட முடியாது. அவர் மனத்தில் மதகுதான் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதுவரை சக்கரம் தாங்க வேண்டும்.

"பாரம் எப்படிப் புள்ள இருக்கு?" என்று திரும்பாமலே கேட்டார்.

"கொஞ்சம் இடது பக்கம் சாயுது மாமா."

அவர் மாடுகளை வலது ஓரமாக ஒதுக்கினார். கரை அங்கே லேசாக வலது பக்கமாகச் சரிந்திருந்தது. சக்கரம் உள்ளே ஏறியது. நான் மூச்சு விட்டேன்.

மாடுகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. தொட்டியில் பருத்திக்கொட்டை கிடைக்கும் என்ற நினைப்பில் அவை வழக்கம்போல ஓடப் பார்த்தன. அவர் கயிற்றை மணிக்கட்டில் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தார். கயிறு தோலை அறுத்து ரத்தம் கசிந்தது.

மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார். "என்ன மொதவண்டி, இன்னைக்கு இழுத்து இழுத்துப் பிடிக்கிற?"

"பாரம் சாயுதுன்னு சொல்றா இல்ல?"

"அவ சொல்லுவா. பெரிய துரை தொட்டி மேல நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். விடு வேகமா."

"விடுறேன்."

"எங்க விடுற?" மேஸ்திரி தன் கைத்தடியின் முனையால் செவலையின் பின்தொடையில் ஓங்கிக் குத்தினார்.

பிறந்ததிலிருந்து குத்து வாங்காத மாடு அது. துள்ளிப் பாய்ந்தது. மயிலையும் சேர்ந்து பாய்ந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதில் நான் கட்டோடு கட்டாகச் சறுக்கி, கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். கீழே பார்த்தேன். இருசு முனை இரண்டு விரல் அகலம்கூட வெளியே இல்லை.

"மாமா, ரொம்ப சாயுது" என்றேன்.

மதகின் கல்சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் எழுந்து நின்று, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்துக் கயிற்றை இழுத்தார். மாடுகள் நடைக்கு வந்தன. அப்படியே முன்னால் குனிந்து மயிலையின் கழுத்துப் பூட்டுக்கயிற்றின் முடிச்சை ஒரு கையால் அவிழ்த்தார்.

"அங்க என்ன பண்ற?"

"கழுத்துல உறுத்துது அதுக்கு."

"தொட்டிக்குப் போய்ப் பாத்துக்கலாம். நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?"

செவலையின் முடிச்சுக்கு அவர் கை போவதற்குள் முன்கால்கள் மதகில் ஏறின. கல் மேட்டில் சக்கரம் ஏறி இறங்கிய அந்த நொடியில் கழன்றது. இடது பக்கம் தொப்பென்று இறங்கியது, இருசு கல்லில் உரசி நெருப்புப் பறந்தது. வண்டி சுவரில் மோதி நின்றது. கட்டுகள் எல்லாம் சரிந்து, நான் அவற்றின்மேல் உருண்டு விழுந்தேன். மயிலை கழுத்தை உருவிக்கொண்டு முன்னால் ஓடிவிட்டது. செவலை முழங்காலில் விழுந்து, நுகத்தடி கழுத்தை முறுக்க, நாக்கை வெளியே தள்ளியது. மாமா இடுப்பு அரிவாளை எடுத்துப் பூட்டுக்கயிற்றை அறுத்தார். மாடு உதறி எழுந்த வேகத்தில் கொம்பு அவர் தோளைக் கிழித்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மாட்டின் முழங்காலைத் தடவித் தடவிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரியை இலைக்குவியலுக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்தோம். வாய் நிறைய அவுரி. அதைத் துப்பிவிட்டு அவர் பேசிய பேச்சை நான் எழுத முடியாது.

அதற்கப்புறம் எங்கள் ஊர் ஆட்கள் காட்டிய சுறுசுறுப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் ஓடி வந்தார்கள், எல்லோரும் கை கொடுத்தார்கள். ஒருவன் தூக்கு என்றால் இன்னொருவன் இறக்கு என்றான். அண்ணாவி சக்கரத்தை எந்தப் பக்கம் மாட்டுவது என்று நின்று நிதானமாக யோசித்தார். மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினார். கட்டுகளைத் தலையில் சுமந்து கொண்டுபோகச் சொன்னார், பெண்கள் சுமந்தோம், பாதி வழியில் கட்டு அவிழ்ந்து கொட்டியது, பொறுக்கினோம். வெயில் உச்சிக்கு வந்தது. கட்டுக்குள் கை விட்டால் சுட்டது. இலை கறுத்து, ஊசிப்போன நாற்றம் அடித்தது.

இலை போய்ச் சேர்ந்ததும் பெரிய துரை மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். எங்கள் துரை போகவில்லை.

தொட்டி முற்றத்தில் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். வண்டிக்காரர்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். துரை அவர் மொழியில் கேட்பார், குமாஸ்தா எங்கள் பேச்சில் சொல்வார்.

"ஆணி எங்கேன்னு கேக்குறார்."

"கழண்டு விழுந்திருக்கும்" என்றார் மாமா. தோளில் ரத்தம் காய்ந்திருந்தது.

கரை நெடுக ஆட்களை அனுப்பித் தேடியாகிவிட்டது. ஆணி இல்லை. மேஸ்திரி முன்னால் வந்தார். "கெளம்பும்போது ஆணி இருந்துச்சு. ரெண்டு தட்டும் என் காதால கேட்டேன். வழியில விழுந்திருந்தா கெடைச்சிருக்கணும். யாரோ உருவியிருக்காங்க. எடுத்தவங்க இங்கதான் நிக்கிறாங்க."

துரை ஏதோ சொன்னார். குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "எல்லாரையும் சோதிக்கச் சொல்றார். பொம்பளைங்களையும். ஆணி யார்கிட்ட இருக்கோ அவங்களையும் அவங்க குடும்பத்தையும் பட்டணத்துச் சிறைக்கு அனுப்புவாராம்."

தொட்டிக் காவல்காரன் வரிசையின் அந்தக் கோடியிலிருந்து தொடங்கினான். அக்கா என் பக்கத்தில் நின்றாள். அவள் கை மெல்ல இடுப்புக்குப் போனது. சேலைக் கொசுவத்துக்குள் ஏதோ கனமாகப் புடைத்திருந்தது. பாவி, ஆணி அவள் மடியில்தான் இருந்திருக்கிறது. வாய்க்காலில் வீசிவிட எடுத்து வந்திருக்கிறாள், கட்டு சுமந்த எங்களுக்குப் பின்னாலேயே காவல்காரன் நடந்து வந்ததில் முடியவில்லை. காவல்காரன் இன்னும் நாலைந்து பேரைத் தாண்டினால் எங்களிடம் வந்துவிடுவான்.

"தேட வேணாம்" என்றார் மாமா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஆணியை நான் போடவே இல்ல. நேத்து இருசுக்கு மை வைக்க உருவினேன். திருப்பிப் போட மறந்துட்டேன். வயலோரம் வண்டி நின்ன எடத்துல எங்கயாவது மண்ணுல கெடக்கும்."

மேஸ்திரி விடவில்லை. "ரெண்டு தட்டு கேட்டேனே?"

"ரெண்டு தட்டும் வலது பக்கத்துலதான் தட்டினேன். இடது பக்கம் வந்து குனிஞ்சு பாக்க சோம்பலா இருந்துச்சு."

அப்புறம் வண்டிக்காரர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இன்னொருவன் சிரித்தான். கம்பத்தடியில் நிற்கிறோம் என்பதையே மறந்து அத்தனை பேரும் சிரித்தார்கள். மொதவண்டி கடையாணி போட மறந்தான். அண்ணாவிக்குச் சிரித்துச் சிரித்து மங்கிய கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று துரை கேட்க, குமாஸ்தா விளக்கினார். வண்டிக்காரன் இதைவிட ஒரு கேவலத்தை வாயால் சொல்ல முடியாது, இவன் சொல்கிறான் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்றார். துரை மாமாவை அருவருப்பாகப் பார்த்தார். காவல்காரனைக் கை காட்டி நிறுத்தினார்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு ஓயும்வரை அவர் தலையைத் தூக்கவில்லை. எனக்கு அத்தனை பேர் வாயிலும் மண்ணை அள்ளிப் போட வேண்டும் போல இருந்தது.

அவரைக் கம்பத்தில் கட்டி அடித்தார்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டிப் பக்கம் தீனி வாசனை அடித்தது, ஓடிப்போய்விட்டன.

தொட்டியில் நீலம் இறங்கவில்லை. சாக்கடை போல ஒரு தண்ணீர்தான் நின்றது. பெரிய துரை பட்டணம் போனார், ஆற்றோர நிலத்துக்குக் குச்சி வரவில்லை. ஊருக்கு உயிர் வந்தது. நன்றி சொல்ல ஒருவரும் வரவில்லை, யாருக்குச் சொல்வது? மறதிக்காரனுக்கா? அவர் பெயரும் மாறிவிட்டது. ஆணி என்று கூப்பிட்டார்கள். "என்ன ஆணி, வேட்டி கட்ட மறக்கலையே?" என்பார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போவார்.

அக்கா அவர் முதுகுக்கு எண்ணெய் போட்டுவிட்டாள், கொட்டகைச் சுவரின் ஓட்டையை அடைத்தாள். என்னிடம் தனியாக ஒரு நாள், "நல்ல வேளைடி, அன்னைக்குப் பாத்து இந்த மனுஷன் ஆணியைப் பாக்காம ஏறினாரு. பாத்திருந்தா மாத்து ஆணியைப் போட்டுக்கிட்டுப் பறந்திருப்பாரு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவரிடம் போய், "அவகிட்ட சொல்லப் போறேன்" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு இரு."

"எதுக்கு? ஊரே உங்களைப் பாத்து இளிக்குது. வீட்டுலயுமா?"

"நான் மறந்ததா இருந்தா, மாடு போனது என்னால. தெரிஞ்சுதான் ஏறினேன்னா, அவளால. அவ நிம்மதியா தூங்கட்டும், விடு."

விட்டேன். மனசில்லாமல்தான்.

மழை வந்தது. சோளம் விதைக்க நிலம் உழ வேண்டும், மாடு இல்லை. மற்றவர்கள் மாடெல்லாம் அவுரி வயலில் கட்டாய உழவில் இருந்தன. அவர் கலப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிலத்துக்கு நடந்தார். நுகத்தடியின் இடது பக்கம் தன் தோளைக் கொடுத்தார். அக்கா வலது பக்கம் நின்றாள். நான் கலப்பையின் மேழியைப் பிடித்தேன். ஈர மண் இழுக்கவே விடவில்லை. பத்தடிக்கு ஒரு முறை நின்றோம். கொம்பு கிழித்த தோளில்தான் அவருக்குத் தடி அழுத்தியது. தழும்பு பிரிந்து சட்டையில் சிவப்பாகப் படர்ந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி உழவுச் சாலில் நின்றுவிட்டாள்.

"என்னால முடியல" என்றாள். "நீங்க மறக்கல. அந்த ஆணியை நான்தான் உருவினேன்."

"தெரியும். இழு."

"என்ன தெரியும்?"

"ஏறும்போதே தெரியும். மையில உன் விரல் பட்டிருந்துச்சு."

அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மேழியைப் பார்த்தேன். அவள் நுகத்தடியைத் தள்ளிவிட்டு அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "தெரிஞ்சுதான் ஏறினீங்களா? மாத்து ஆணி பெட்டியில இருந்துச்சே. போட்டிருக்கலாமே. மாடு போயிடும்னு தெரியாதா உங்களுக்கு?" என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டே அடித்தாள். அவர் தடுக்கவில்லை.

"நீ கேட்டப்ப நான் குடுக்கல. எந்த ஜென்மத்துல கேட்டாலும் குடுத்திருக்க மாட்டேன்" என்றார். "ஆனா நீ எடுத்துட்ட. எடுத்ததுக்கப்புறம் அதைத் திருப்பிப் போட எனக்குக் கை வரல."

அக்கா சாலிலேயே உட்கார்ந்து அழுதாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மாடுகளை ஓட்டிப்போனபோது அழாத மனுஷன், அன்றைக்குத்தான் மயிலை, செவலை என்று பெயர் சொல்லி அழுதார். நான் அவர்களை விட்டுவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தேன். அந்த வருஷம் எங்கள் துண்டில் பாதி நிலம்தான் உழ முடிந்தது. அந்தப் பாதியில் சோளம் நன்றாகவே வந்தது.